இழுக்காத வண்டி ஒண்ணு

படக வச்சு இழுக்குற ட்ரெய்லர் எடையையும் சேர்த்துத்தான் சொன்னீங்களான்னு கேட்டீங்க பாருங்க, அத மட்டும் அவர்கிட்ட மறுபடி கேக்காதீங்க தம்பி. நல்ல கேள்விதான். நல்ல கேள்வி கேட்டா எங்க வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துடும். அதான் உங்க ஷோரூம்ல நிக்குற அந்தக் கருப்பு வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டார். இப்போதைக்கு வெளிய வரமாட்டார். அங்க எதைப் பாக்குறார்னு அவருக்கே தெரியாது.

நீங்க உக்காருங்க, நாம பேசுவோம்.

அவர் ரெண்டு டன்னுன்னு சொன்னது வெறும் படகு. ட்ரெய்லர் கிடையாது, இன்ஜின் கிடையாது, டேங்க்ல ரொப்புற பெட்ரோல் கிடையாது. தன்னோட எடையச் சொல்லும்போதும் இப்படித்தான், சட்டை, செருப்பு, தின்ன சோறு எல்லாத்தையும் கழிச்சுட்டுச் சொல்லுவார். படக எடை போட்டப்ப நான் பக்கத்துல நின்னேன். எல்லாம் சேர்த்து முழுசா மூணு டன்.

அதனால கருப்பு வேணாம். அது இழுத்துடும்.

இல்ல, நான் வாய் தவறிச் சொல்லல. இழுத்துடும், அதான் வேணாம். எனக்கு அந்தச் சாம்பல் கலர் வண்டி. பாக்க அதுவும் ஆம்பளத்தனமாத்தான் இருக்கு, முன்னாடி கம்பியெல்லாம் வச்சு. நாலு சக்கரமும் சுத்துதுல்ல? போதும். ரெண்டரை டன்தான் இழுக்கும், மேடேறுற அந்தத் தனி கியர் இல்லன்னு நீங்களே ஒரு மாதிரி முகத்த வச்சுக்கிட்டுச் சொன்னீங்க. நீங்க முகம் சுளிச்சப்பதான் எனக்கு அது பிடிச்சுப் போச்சு.

ஆனா பிரேக் நல்லா இருக்கணும். அதுல விளையாட்டு வேணாம். எனக்கு இருக்குறது ஒரு புருஷன். ஆறு எங்க வீட்டுலேருந்து கூப்பிடு தூரம், சமதரை, உருட்டிக்கிட்டுப் போயிடலாம். படகு இறக்குற சரிவுலயும் நல்லபடியா இறங்கிடணும். திரும்ப ஏத்துறப்பதான், ஈரத்துல சக்கரம் சுத்தணும், வண்டி நகரக் கூடாது. பின்னாடியும் போகக் கூடாது. அப்படியே நிக்கணும். நிக்கும்ல? ட்ரெய்லர்லயும் பிரேக் இருக்கு. சரி, நிம்மதி.

என்ன தம்பி, பைத்தியத்தப் பாக்குற மாதிரி பாக்குறீங்க.

அந்தப் படக வாங்கினது அண்ணனும் தம்பியும் சேர்ந்து. இவர்தான் தம்பி. நிறுத்த எடம் எங்க வீட்டுல, இழுக்க வண்டி அவங்க வீட்டுல. ஒரு நாள் இவர், அண்ணன் வண்டிய ஓட்டி, சரிவுல பின்னாடி எடுத்தார். ட்ரெய்லர் மாட்டினா இடது பக்கம் திருப்பணும்னா வலது பக்கம் வளைக்கணுமாமே. இவர் வளைச்சார், அது குறுக்கால போய் நின்னுக்கிச்சு. கரையில அத்தன பேர். அண்ணன் சத்தமா, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா படகுன்னுட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. சத்தியமா நானும் கொஞ்சம் சிரிச்சுட்டேன். இவர் இறங்கி, சாவிய அண்ணன் காலடியில போட்டுட்டு நடந்தே வீட்டுக்கு வந்துட்டார்.

அவ்வளவுதான் சண்டை. சொத்துத் தகராறுன்னாலும் ஒரு மரியாதை இருக்கும். அன்னையிலேருந்து பேச்சு வார்த்தை கிடையாது. படகு எங்க வாசல்ல தார்ப்பாய் போத்திக்கிட்டு நிக்குது, பூனைங்க பரம்பரை பரம்பரையா அதுல குடும்பம் நடத்துதுங்க. இப்ப இவர், அவன் வண்டி எனக்கு எதுக்கு, நானே ஒண்ணு வாங்குறேன்னு கிளம்பிட்டார். வீம்புக்கு வண்டி வாங்குற ஆள நீங்க நிறையப் பாத்திருப்பீங்க.

வாங்கட்டும். எனக்குத் தொட்டியும் மண்ணும் ஏத்த ஒரு வண்டி வேணும், நர்சரி வச்சிருக்கேன். வீணாப் போகாது. ஆனா படகு மாட்டிக்கிட்டு நிக்கணும். எங்க ஊர்ல அத மேல இழுக்குற வண்டி அண்ணனோடது ஒண்ணுதான். வீடும் சரிவுக்கு எதிர்லயே. இவர் போய்க் கதவத் தட்டித்தான் ஆகணும். அண்ணன் ரெண்டு திட்டு திட்டிட்டு இறங்கி வருவார். என் ஓரகத்திகிட்ட, அதான் அண்ணன் பொண்டாட்டிகிட்ட, எல்லாம் பேசி வச்சாச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒரு நாள் கூடப் பேச்ச விட்டதில்ல. அவங்க சண்டைக்கு நாங்க ஏன் லீவு போடணும்?

பொய் சொல்லுங்கன்னு சொல்லல. இழுக்குற எடைய வண்டியிலயே அட்டை போட்டு மாட்டியிருக்கீங்க. ரெண்டு டன்னுக்கு ரெண்டரை தாராளம்னு அவரே கணக்குப் போட்டுக்குவார். நீங்க சும்மா இருந்தா போதும்.

நேராப் போய் அண்ணனப் பாருங்கன்னு சொல்லிட வேண்டியதுதானேங்கிறீங்க. காரணத்தச் சொன்னா இப்பவே ஓடுவார் தம்பி. காலுல செருப்பு கூடப் போடாம ஓடுவார். சும்மா போங்கன்னா, ஏன் திடீர்னு சொல்றேன்னு கேப்பார்ல? அதச் சொல்ல முடியாது. அண்ணன் என்கிட்டயும் ஓரகத்திகிட்டயும் சத்தியம் வாங்கிட்டார். பாவம்னு வர்றவன் மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பில்ல, சண்டை போட வந்தா வரட்டும்னுட்டார். அவருக்கு ஈரல்ல கேன்சர் வந்திருக்கு. ரொம்ப முத்தினப்புறம்தான் தெரிஞ்சுது. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, பக்கத்துல இவர் படகுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம்னு பேசிக்கிட்டே தூங்கிப் போறார்.

வர்றார் பாருங்க, சட்டையெல்லாம் தூசி. சீக்கிரம் சொல்லுங்க, வண்டி எப்பக் கைக்கு வரும்? அடுத்த மாசமா? ஐயோ, ஆகாது தம்பி. அடுத்த மாசம் அவர் அண்ணனால வண்டியில ஏறி உக்கார முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த வாரமே வேணும். அந்தச் சாம்பல் வண்டி மாடல்தான், கலர் எதுவா இருந்தாலும் பரவால்ல.