கண்ணாடிக் கதவுக்கு வெளியே

சென்ற மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைக்கு எதிரே என் குறிப்பேட்டில் ஒரே வரிதான் இருக்கிறது: “பழைய செருப்பத் தூக்கிப் போடாத, கடைக்கு வேணும்.”

வில்லியனூரிலிருந்து பண்டசோழநல்லூர் போகும் பேருந்தில், புதுச் செருப்புப் பையை மடியில் வைத்திருந்த பெண் தன் கணவரிடம் சொன்னது அது. குழாய் வேலை செய்பவரான அவர், வீட்டின் முன்பக்கத்தை மாற்றிக் குழாயும் வாஷ்பேசினும் விற்கும் ஷோரூம் திறந்திருப்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“ஷோரூமுக்கும் செருப்புக்கும் இன்னா சம்பந்தம், செல்வி?”

“நீ அயர்ன் சட்டையோட உள்ள குந்திக்கினு இருக்க. யாருனா வந்தாங்களா? எல்லாரும் கண்ணாடிக் கதவத் தாண்டிப் போயி, ‘அக்கா, ஒரு கொழா குடு’ன்னு வூட்டுப் பின்னால வந்து நிக்கிறாங்க.”

“முன்னால வரச் சொல்றதுதான?”

“சொன்னேன்யா. ‘ஏசி கடை, நமக்குக் கட்டாது’ன்றாங்க. வாசல்ல நாலு செருப்பு கெடந்தா, நம்ம ஆளுங்க உள்ள இருக்காங்கன்னு தைரியமா வருவாங்க.”

“இந்த மாசமும் யாரும் வரலன்னா கடைய மூடிட்டு மறுபடியும் ஸ்பேனரத் தூக்க வேண்டியதுதான்.” பிறகு அவரே கேட்டார்: “நம்ம ரெண்டு பேரு செருப்பு போதுமா?”

“உங்கம்மாவோடதையும் போடு. தேஞ்சி கெடக்குது பாரு, அத்தப் பாத்தாதான் நம்புவாங்க.”

இருவரும் சிரித்துக்கொண்டே தங்கள் கடைக்கு எதிரிலேயே இறங்கினார்கள்.

நேற்று அதே வழியாகப் போனபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஏழு ஜோடி செருப்புகளைப் பார்த்தேன். அவற்றில் எத்தனை அந்த வீட்டாருடையவை என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.