பரிமாற்றம் முடியும் வரை

நாற்பது தாண்டிய ஆளுக்கு வீடியோ கேம் எதற்கு என்று நீங்களும் நினைக்கலாம், ஐயா. தப்பில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அக்கா மட்டும் கேட்டதில்லை.

அவளுக்கு நுரையீரல் பழுது. மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ராப்பகலாக ஓடும். அவளைப் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட்டேன். சாப்பாடு ஊட்டி, உடம்பு துடைத்து, துணி அலசிப் போட்டபின் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தக் கையடக்கக் கருவியை எடுப்பேன். அதற்குள் எனக்கு ஓர் ஊர் இருந்தது. ஆற்றைத் திருப்பிவிட்டது, பாலம் போட்டது, மரம் நட்டது எல்லாம் நான். பாலத்தை ஒட்டிய வீட்டில் ஒரு பெண்ணைக் குடிவைத்து அவளுக்கு அக்கா என்றே பெயர் கொடுத்திருந்தேன். அக்காவிடம் காட்டியபோது, "நடமாடுறாளே, கொடுத்து வச்சவ" என்று சிரித்தாள்.

கருவி பழசாகிவிட்டது. பொத்தான்கள் தேய்ந்து, திரையில் கோடு விழுந்தது. "புதுசு வாங்கிக்கோடா. என்னோட சேர்ந்து நீயும் இந்த ரூமுக்குள்ள அடைஞ்சு கெடக்குற. உனக்குன்னு வேற என்ன இருக்கு?" என்று சொன்னவளும் அவள்தான்.

வாங்கினேன். பழையதிலிருந்து என் ஊரைப் புதியதற்கு மாற்ற வேண்டும். பரிமாற்றம் முடியும் வரை மின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, துண்டித்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று திரையில் எழுதியிருந்தது. பாதி போயிருக்கும்போது கரண்ட் போனது. மத்தியான வெயில். இன்வெர்ட்டரில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பதறவில்லை. மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கருவியின் வயரைச் சொருகினேன்.

"தம்பி, மெஷின் நின்னுடுச்சு போல இருக்கே."

"இரு அக்கா, இதோ முடியப்போகுது."

"சரி, முடிச்சுட்டு வா."

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. கட்டில் சட்டத்தை விரலால் தட்டினாள். அவளுக்கு எப்போதும் பொறுமை அதிகம். கதவுக்குப் பின்னால் மாற்று சிலிண்டர் இருந்தது. திறக்க எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆனால் பரிமாற்றம் நடக்கும்போது கண்ணை எடுக்க மனம் வரவில்லை. தட்டும் சத்தம் நின்றதும், தூங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊர் ஒரு மரம்கூடக் குறையாமல் வந்து சேர்ந்தது. புதுத் திரையில் எல்லாம் துல்லியம். பழையதில் அந்தப் பெண்ணின் முகம் வெறும் புள்ளிகள். இப்போது கண் இமை வரைக்கும் தெரிகிறது. வாசலில் நின்று என்னையே பார்க்கிறாள். வாய் திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் வரவில்லை. அந்த விளையாட்டில் எல்லோருமே அப்படித்தான். முன்பும் அப்படித்தான் இருந்திருப்பாள், எனக்குத்தான் தெரிந்திருக்காது. இருந்தாலும் இப்போதெல்லாம் நான் அந்தப் பாலத்தைக் கடப்பதில்லை.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள். கையில் வைத்து ஆடுகிற சாமான்தானே, உள்ளேயே பேட்டரி இருக்குமே என்று. இருந்தது, ஐயா. நிறைந்திருந்தது. திரையின் மூலையில் பச்சையாகக் காட்டியது. பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் அதைப் பார்த்தேன்.

ஆனாலும், எதற்கும் ஒரு முன்ஜாக்கிரதை வேண்டாமா?