பன்னிரண்டு பியூஸும் ஒரு செவலைக் காளையும்

— பன்னெண்டு பியூஸும் நல்லாத்தான் இருக்கு சோலையப்பண்ணே. முந்தாநாள் நான் மாட்டுனது மாட்டுனபடி இருக்கு. இதுக்கா அவசரம்னு ஆவூர்லருந்து பஸ்ஸேறி இந்தக் கம்மாய்க்குள்ள வரச் சொன்னீங்க?

— நல்லா இருக்கிறதுதான் ஜஸ்டினு பிரச்சன. கெடுத்துக் குடு.

— எதை?

— ஜீப்பைத்தான். நீ கைய வைக்கிறதுக்கு முன்னாடி எப்பிடி இருந்துச்சோ அப்பிடி.

— சேசுவே. போன வாரம் டேஷ்போர்டுல பொகை வருதுன்னு என் கடைக்கு ஓடியாந்தது யாரு? நாப்பது வருசத்து வண்டி. பழைய பியூஸ் பெட்டியத் தொறந்தா சிகரெட்டுத் தாளு, ஒரு ஆணி, ஒங்க வீட்டுக்காரம்மா சொர்ணம் அக்காவோட கொண்டை ஊசி. வயரெல்லாம் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்துச்சு. எடது பக்கத்து இண்டிகேட்டரப் போட்டா ஹாரன் அடிச்சுது.

— அந்த ஹாரன்தான் தம்பி வேணும்.

— என்னத்துக்கு?

— நல்லாக் கேட்டுக்க. எங்க தோப்புக்கு ரோட்டுலருந்து எடது பக்கம் திரும்பணும். இண்டிகேட்டரப் போடுவேன். பாம், பாம், நடுவுல க்ர்ர்னு ஒரு இருமல். பின் சீட்டுல செவலைக்குப் பருத்திக்கொட்டை இருக்கும். அது கன்னுக்குட்டியா இருந்த நாள்லருந்து நாலு வருசமா இதேதான். அந்த இருமலக் கேட்டா எங்கிட்டு நின்னாலும் ஓடியாந்துரும்.

— ஜல்லிக்கட்டுக் காளைய இண்டிகேட்டர் போட்டுக் கூப்புடுறீங்க.

— ஒங்க ஊர்ல மணியடிச்சா எல்லாரும் பூசைக்கு வரல? அது மாதிரிதான்.

— எங்க மணி இருமாதுண்ணே.

— வெளாடாத. நேத்து வாடிவாசல்லருந்து வந்துச்சு, ஒரு பய அது மேல கைய வைக்கல. எனக்குப் பரிசாக் குக்கர் குடுத்தாங்க. குக்கர் வீடு வந்து சேந்துருச்சு, மாடு வந்து சேரல. வருசா வருசம் வெளிய வண்டிய நிப்பாட்டி இண்டிகேட்டரப் போடுவேன், பின்னாடியே வந்துரும். நேத்தும் போட்டேன். டிக்கு டிக்குனு லைட்டு மட்டும் எரியுது. யாரோ ரோட்டுல போறான்னு நெனச்சிருச்சு போல. என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா இந்தக் கம்மாய்ப் பக்கம் ஓடிருச்சு.

— தேடுனீங்களா?

— விடிஞ்சதுலருந்து தேடுறேன். நேத்துலருந்து சோறு எறங்கல. எந்தக் கெணத்துலயாவது விழுந்து கெடந்தா நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன், சொல்லு.

— சரி, கண்ணக் கசக்காதீங்க. இண்டிகேட்டர்லருந்து ஹாரனுக்கு ஒரு வயர் இழுத்துட்டேன். போடுங்க இப்ப.

— ஒண்ணுமே அடிக்கல.

— பத்து ஆம்பியர் பியூஸ் போயிருச்சு. கரண்டு கூடுனதும் தன்னால அறுத்துக்கிட்டு வயரக் காப்பாத்திருச்சு. எவ்வளவு அழகா வேல செய்யுது பாருங்க.

— செத்துப்போனத அழகுங்கிற. அந்த எடத்துல பழைய ஆணியச் சொருகு.

— என் கையால ஆணி வைக்க மாட்டேன். எங்க அப்பாவே வந்து கேட்டாலும் வைக்க மாட்டேன்.

— ஒன்னைய யாரு வைக்கச் சொன்னா. சட்டைப் பையில கொண்டாந்துருக்கேன். தள்ளு அங்கிட்டு.

— அண்ணே, வேணாம்.

— வச்சாச்சு. கேட்டியா? அதே சத்தம். இருமலும் வந்துருச்சு. என் ராசா, இப்பக் கேக்குதாடா?

— போதும், நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன். நிக்க மாட்டேங்குது.

— ஹாரனுக்குக் கரண்டு விடுற ரிலே ஒட்டிக்கிச்சு. பேட்டரி வயரக் கழட்டவா?

— என்ன சொல்ற? ஒண்ணும் கேக்கல.

— கழட்டவான்னு கேட்டேன்.

— தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன். அடிக்கட்டும். கம்மாய் பூரா கேக்கணும்.

— கால் மணி நேரமா அடிக்குதுண்ணே. எனக்குக் காதே போச்சு. அண்ணே, அங்கிட்டுப் பாருங்க, கருவேலங்காட்டுல புழுதி கெளம்புது.

— செவலை.

— நெறமே தெரியலயே. கொம்பு மட்டுந்தான் தெரியுது.

— வளத்தவனுக்கு நெறம் வேற பாக்கணுமா? செவலைதான். நான் எறங்கி முன்னால போயி நிக்கிறேன். என்னடா இது, ஹாரன் நின்னுபோச்சு.

— ஆணி சூட்டுல வயரு உருகி வண்டி பாடித் தகரத்துல ஒட்டிருச்சு. பேட்டரிகிட்ட நான் வச்ச மெயின் பியூஸ் போயிருச்சு. வண்டி எரியாமத் தப்பிச்சுது. ஆனா வேற பியூஸ் வாங்கியாந்து போடுற வரைக்கும் ஸ்டார்ட் ஆகாது.

— ஆகாட்டிப் போகட்டும். என் புள்ள வந்துருச்சு, அது போதும்.

— சீட்டுல ஒங்க போன் அடிக்குது. சொர்ணம் அக்கா. ஸ்பீக்கர்ல போடுறேன், பேசுங்க.

— எத்தன தடவ அடிக்கிறது? ஏங்க எடுக்க மாட்டேங்கிறீங்க?

— ஹாரன் சத்தத்துல கேக்கல சொர்ணம். நீ அழுவாத. செவலை கெடச்சிருச்சு. கம்மாய்க்குள்ள என்னையப் பாத்துதான் ஓடியாருது.

— எந்தச் செவலை? நம்ம செவலை கால் மணி நேரமா இங்க தொழுவத்துல நிக்குது. அதச் சொல்லத்தான் கூப்புடுறேன்.

— ஜஸ்டினு, வண்டிய எடு.