இடது கையில் எடுத்த அளவு

— பிரஷர் நூத்திப்பத்துக்கு எழுபது. அடுத்த வாரமும் அதே. நாலு மாசமா அதேதான், அக்கா.

— அந்த நோட்டை மூடி வைங்க தம்பி. அவ போய்ச் சேர்ந்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகல.

— எந்தக் கையில பார்த்தீங்க?

— முதல்ல டீயைக் குடிங்க, ஆறுது பாருங்க.

— நேத்து டாக்டரைப் பார்த்தேன். பெரிய ரத்தக்குழாய்ல வந்த அழற்சியில இவளுக்கு இடது கைக்குப் போற குழாய் சுருங்கிடுச்சாம். அந்தக் கையில பிரஷர் எப்பவும் கம்மியாத்தான் காட்டுமாம். வலது கையில மட்டும் பாருங்கன்னு முதல் நாளே உங்ககிட்ட சொன்னாராம்.

— சொன்னார்.

— இருபது வருஷமா நர்ஸ். எத்தனை பேர் கையில அந்தப் பட்டையைச் சுத்தியிருப்பீங்க. கை மாறிப்போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க.

— மாறல தம்பி. நான் வந்து உட்கார்ந்ததுமே அவளே இடது கையை நீட்டுவா. நீங்க வெளிய போனப்புறம் வலது கையிலயும் பார்ப்பேன்.

— அதுல எவ்வளவு?

— இருநூறு. ஒரு வாரம் அதுக்கும் மேல.

— இது என் கையெழுத்து அக்கா. நீங்க சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். ஞாயிறு தவறாம போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். நல்லா இருக்கு, அதே மாத்திரை போதும்னு பதில் வரும். அவகிட்ட காட்டுவேன். சிரிப்பா.

— ம்.

— அந்த அழுத்தத்தோட மல்லுக்கட்டியே இதயம் ஓய்ஞ்சு போச்சுன்னார். கால் வீங்கினப்போ நின்னுக்கிட்டே சமைக்கிறதாலன்னு சொன்னீங்க. படியில மூச்சு வாங்கினப்போ வெயிட் போட்டதாலன்னு சொன்னீங்க.

— அவதான் சொல்லச் சொன்னா. டாக்டருக்குத் தெரிஞ்சா படுக்கையில போட்டுடுவாங்க, மாசக்கணக்குல. அது மட்டும் வேண்டாம்னு என் காலைப் பிடிச்சா. ரெண்டு மாசம் பொறுன்னா. அப்புறம் இன்னும் ரெண்டு மாசம்.

— ஆஸ்பத்திரின்னா அவ்வளவு பயமா?

— அவளுக்கா? ஊசி போடுறப்போ எனக்கே ஜோக் சொல்லுவா.

— அப்புறம் எதுக்கு? ரெண்டு பேரும் சேர்ந்து என்னை எதுக்கு முட்டாளாக்கினீங்க?

— விடுங்க தம்பி. பழி என்மேலயே இருக்கட்டும்.

— சொல்லுங்க.

— கல்யாணமான புதுசுல அவகிட்ட மனசு விட்டு ஒண்ணு சொன்னீங்களாமே. உங்க அம்மா படுக்கையில கிடந்தப்போ, பார்க்க முடியாம, வெளியூர் வேலை கேட்டு வாங்கிட்டுப் போயிட்டேன்னு.

— அவகிட்ட மட்டும்தான் சொன்னேன்.

— அதான் தம்பி. "நான் எழுந்து நடமாடுற வரைக்கும்தான்க்கா அவர் வீட்டுல இருப்பார்"னா.