பின்சீட்டுக்காரன்

— வாயத் தொறந்து சொல்லு தம்பி. நீ பாட்டுக்குப் பேசாம மிதிச்சா கண்ணில்லாத எனக்கு என்ன தெரியும்?

— மூச்சு வாங்குதுண்ணே.

— எனக்கு மட்டும் இங்க விசிறியா வீசுறாங்க? ரெட்டை சைக்கிள்ல முன்சீட்டுல உக்காந்தவனுக்கு ரெண்டு வேலை. ஹேண்டில் பிடிக்கணும், பாக்குறதச் சொல்லணும். கோச் சொன்னாரா இல்லையா?

— சொன்னார். ஓகே, சொல்றேன். ரோடு காலியா இருக்கு. ரெண்டு பக்கமும் வயல். தூரத்துல வெள்ளையா ஒரு பாறை, அதுமேல திருவெள்ளறைக் கோயிலு...

— கோயில விடு. ஆளச் சொல்லு. நமக்கு முன்னாடி யாரு?

— யாரும் இல்ல. போலீஸ் பைக் ஒண்ணு போகுது, அவ்வளவுதான்.

— பின்னாடி?

— தங்கையன் அண்ணன் வண்டி. ஒட்டிக்கிட்டே வராங்க.

— அப்ப பின்சீட்டுல ராசப்பன்.

— பின்ன வேற யாரு? மத்த ஜோடியெல்லாம் மண்ணச்சநல்லூர் தாண்டுறதுக்குள்ளயே கழண்டுட்டாங்க. ஒரு ரெட்டை சைக்கிள் கூடக் கண்ணுக்குத் தெரியல.

— ஒட்டிக்கிட்டுன்னா எவ்வளவு?

— நம்ம பின்சக்கரத்துக்கும் அவங்க முன்சக்கரத்துக்கும் நடுவுல ஒரு ஆட்டுக்குட்டி பூந்து போகலாம். காத்தக் கிழிக்கிறது நாம. சொகுசா வர்றது அவங்க.

— வீரமலை, உன் முதுகு அகலமான முதுகுடா. உன் பின்னாடி வந்தா வேர்க்கவே மாட்டேங்குது.

— பேச்சப் பாரு. ராசப்பா, வெக்கமா இல்ல ஒனக்கு? முன்னாடி வந்து கொஞ்ச நேரம் காத்து வாங்கேன்.

— எதுக்கு? தங்கையன் சொல்றான், கொள்ளிடம் பாலம் வரைக்கும் இப்படியே தூங்கிக்கிட்டுப் போலாமாம். பாலத்துல எழுப்பிவிடுறானாம்.

— அண்ணே, பதில் பேசாதீங்க. அவர் உங்க மூச்ச வீணடிக்கத்தான் பேசுறாரு.

— ஏய் சித்தார்த்து, காது கேக்குதுப்பா எனக்கு. கண்ணுதான் இல்ல. வீரமலை, இந்தப் பய ஒன்ன நல்லாத்தான் ஓட்டிக்கிட்டுப் போறான். முத ரேசு மாதிரியே தெரியல ரெண்டு பேருக்கும். ஜெயிச்சா ஒன் பொண்டாட்டி செல்லக்கிளிகிட்ட நானே வந்து பேசுறேன். தோத்தாலும் பேசுறேன்.

— நீ ஒண்ணும் பேச வேணாம்.

— அட, கோவத்தப் பாரு. சரி சரி, மிதி.

— திருப்பம் வந்துருச்சுண்ணே. டிரம் வச்சிருக்காங்க. அதச் சுத்தி வலப்பக்கமாத் திரும்பி வந்த வழியே போகணும். என்கூடவே சாயுங்க. எதுத்துச் சாயாதீங்க.

— சாயுறேன்.

— இன்னும் கொஞ்சம். போதும். நேராகுங்க. சூப்பர்ண்ணே.

— பழகுறப்ப பஞ்சப்பூர்கிட்ட அன்னிக்கு ரெண்டு பேரும் முள்ளுல கெடந்தோமே, அது மாதிரி ஆயிடுமோன்னு நெனச்சேன்.

— அன்னிக்கு நீங்க லாரி ஹாரனுக்குப் பயந்து ஒரு பக்கமாச் சாஞ்சீங்க. பின்னாடி இருக்குறவங்க ஒடம்பு போற பக்கம்தான் வண்டி போகும். அப்புறம் ஹேண்டில் என் பேச்சக் கேக்காது.

— தெரிஞ்சுக்கிட்டேன், விடு. அவங்க திரும்பிட்டாங்களா?

— திரும்பிட்டாங்க. இப்ப எதுர்காத்து. இனிமேதான் கஷ்டம். ஒண்ணு கேக்கலாமாண்ணே? ராசப்பன் அண்ணன் உங்க ஃப்ரெண்டுதானே?

— ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில். மருங்காபுரிப் பக்கம் கல்குவாரியில வெடி தப்பா வெடிச்சு எனக்குக் கண்ணு போச்சா, அங்கேர்ந்து கொண்டாந்து இங்க விட்டாங்க. நான் பாட்டுக்குச் சுவத்தப் பாத்துப் படுத்துக்கெடந்தேன். சுவரு அந்தப் பக்கம் இல்லடா, இந்தப் பக்கம்னு சொன்னவனே அவன்தான். குச்சி பிடிக்கச் சொல்லிக்குடுத்தான். பஸ் ஏறச் சொல்லிக்குடுத்தான். இந்த ரேசுக்கு என் பேரக் குடுத்ததும் அவன்தான்.

— அப்ப யாரு ஜெயிச்சாலும் சந்தோஷம்தான்.

— அது ஒனக்கு. அவன் பேங்க்ல வேலையில இருக்கான் தம்பி. பொறந்ததுலேர்ந்தே கண்ணு கெடையாது, அதனால சின்னதுலயே படிக்க வச்சுட்டாங்க. நான் முப்பது வயசுக்கு மேல குருடானவன், கல்லு ஒடைக்கிறதத் தவிர ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழமை பொழுது போகலன்னு அவன் சைக்கிள் மிதிக்கிறான். நான் எதுக்கு மிதிக்கிறேன்?

— தெரியும்ண்ணே. மாநிலப் போட்டிக்கு.

— முத ஜோடி மட்டும்தான் அங்க போகும். அங்க ஒரு மெடல் வாங்குனா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு எழுதிப் போடலாம்னு கோச் சொன்னாரு. ஆபீஸ்ல போன் எடுக்குற வேலையோ, கதவு தொறக்குற வேலையோ. அந்த வேலை ராசப்பனுக்கு எதுக்கு, என்னாங்குற?

— அவருக்குத் தேவையில்லதான்.

— செல்லக்கிளி அவ அண்ணனுங்க முன்னாடி வச்சுச் சொன்னா. வேலைன்னு ஒண்ணு இருந்தாப் பாப்பாவக் கூட்டிக்கிட்டு வரேன், இல்லன்னா என்ன எதிர்பாக்காதன்னா. அவளச் சொல்லிக் குத்தம் இல்ல. சின்னப் பிள்ளயத் தூக்கிக்கிட்டுக் குருடனையும் எப்படித் தூக்குவா? போன தடவ போனப்ப பாப்பா மூஞ்சியத் தடவிப் பாத்தேன். அழுதுச்சு. யாரும்மா இதுன்னு கேட்டுச்சு.

— பேசாதீங்கண்ணே. எதுர்காத்து, மூச்ச மிச்சம் வைங்க.

— சொன்னாத்தான் காலுல வேகம் வருது.

— அப்ப சொல்லுங்க.

— சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்ல. மிதி.

— அவிச்ச நெல்லு வாசம் வருது பாருங்க. மண்ணச்சநல்லூர் கிட்ட வந்துட்டோம்.

— ராசப்பன் சத்தத்தக் காணோமே. எங்க இருக்காங்க இப்ப?

— பின்னாடி.

— பின்னாடின்னா எங்க? தம்பி. ஒன்னத்தான் கேக்குறேன்.

— பின்தங்கிட்டாங்கண்ணே. நல்லாவே பின்தங்கிட்டாங்க. நூறு அடி இருக்கும்.

— நெசமாவா?

— நெசமா. நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு மிதிங்க. வாய்க்கால் மதகு வருது, ரோடு குறுகும். எடது ஓரத்துல தார் பேந்துருக்கு, நான் நடுவுலயே போறேன்.

— சரி.

— அப்படித்தான். அப்படியே மிதிங்க. அண்ணே, நேரா உக்காருங்க. அண்ணே, சாயாதீங்க. சாயாதீங்கண்ணே—

— என்னா இடிச்சுச்சு?

— பள்ளம்.

— பள்ளமா?

— பள்ளம்தான். மிதிங்க. இல்ல, மிதிக்காதீங்க. நிறுத்துங்க.

— மிதிக்கச் சொல்றியா, நிறுத்தச் சொல்றியா?

— பின்னாடி யாரோ விழுந்துட்டாங்க.

— யாரோன்னா? பின்னாடி வந்தது ஒரு ஜோடிதான.

— அவங்கதான்.

— கூப்புடுறான். கேக்குதா ஒனக்கு?

— கேக்குது.

— தங்கையா தங்கையான்னு கூப்புடுறான். தங்கையன் ஏன் பேச மாட்டேங்குறான்? திரும்பிப் பாத்துச் சொல்லு.

— விழுந்த எடத்துல இருக்காரு. எழுந்திருப்பாரு. அண்ணே, கால நிறுத்துங்க. நீங்க மிதிச்சா என் காலும் சேந்து சுத்துது. ஒரே செயின்தானே.

— பிரேக்கு என் கையிலயா இருக்கு? ஒன் கையில இருக்கு. நிறுத்தணும்னா பிடி.

— அண்ணே...

— பிடி. வேணாங்கல நான்.

— பின்னாடி ஜீப் வருது. டாக்டர் அதுலதான் இருக்காரு. அவங்க பாத்துப்பாங்க.

— அப்ப மிதி.

— மிதிக்கிறேன்.

— இப்ப கேக்கல. ஒனக்குக் கேக்குதா?

— இல்ல. ரொம்ப தூரம் வந்துட்டோம்.

— அழுவுறியா தம்பி?

— காத்துல கண்ணு எரியுது.

— எந்த எடம்?

— டோல்கேட் தாண்டிட்டோம். கொள்ளிடம் பாலம். கீழ ஒரே மணலு, தண்ணி ஒரு ஓரமா ஓடுது. எதுக்க ராஜகோபுரம் தெரியுது. பந்தல் போட்டிருக்காங்க, ஜனங்க நிக்கிறாங்க. கை தட்டுறாங்க.

— யாருக்கு?

— நமக்குத்தான். வேற யாரும் இங்க வரலையே. கோடு தாண்டிட்டோம்ண்ணே. மிதிச்சது போதும். எடது கால ஊணுங்க. மெதுவா. நான் பிடிச்சிருக்கேன்.

— ஊணிட்டேன்.

— இந்தச் சேர்ல உக்காருங்க. தண்ணி இந்தாங்க. மாலை கொண்டாந்தாங்கன்னா கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. நான் அந்தக் கமிட்டிக்காரங்ககிட்டப் போய்க் கேட்டுட்டு வந்துடறேன்.

— நானும் வரேன்.

— வேணாம்ண்ணே. கூட்டமா இருக்கு. உக்காருங்க, வந்துடறேன்.

— யாரு அது, பக்கத்துல வந்து நிக்கிறது? தம்பியா?

— நான்தான்.

— இவ்வளவு நேரமா? மைக்ல நம்ம பேரச் சொல்ல ஆரம்பிச்சாங்க, பாதியில நிறுத்திட்டாங்க. என்னான்னு கேட்டா, தம்பி வந்து சொல்லுவான்ங்குறாங்க. சொல்லு.

— தங்கையன் அண்ணன் போயிட்டாரு.

— எங்க?

— எறந்துட்டாருண்ணே. ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே. மதகுச் சுவத்துல மோதிக் கழுத்து முறிஞ்சுபோச்சாம். ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தாரு.

— ராசப்பன்?

— தோள்பட்டை எலும்பு ஒடஞ்சிருக்கு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆம்புலன்ஸ்ல ஏற மாட்டேன்னாராம். தங்கையன் வந்து கையப் பிடிச்சாத்தான் ஏறுவேன், இல்லன்னா இங்கயே உக்காந்திருக்கேன்னு ரோட்டுலயே உக்காந்துட்டாராம். அவர்கிட்ட இன்னும் யாரும் சொல்லல.

— கூட யாரும் இல்லையா அவனுக்கு?

— ஜீப்ல வந்தவங்க இருக்காங்க. உங்களத்தான் கேட்டாராம். வீரமலையும் விழுந்துட்டானா, அவன் புதுசு, பாவம், அவன மொதல்ல பாருங்கன்னாராம்.

— அப்படியா சொன்னான்?

— ஆமா. அண்ணே, நான் சொல்றதக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. ரேசு ஜட்ஜு என்னக் கூப்பிடுறாரு. ரெண்டு வண்டியும் மோதிச்சான்னு கேக்குறாங்க. மதகுகிட்ட மாடு ஓட்டிக்கிட்டிருந்த ஒரு ஆளு பாத்திருக்காரு. ஹேண்டில் என் கையிலேர்ந்து நழுவிருச்சுன்னு சொல்லப்போறேன்.

— நழுவிருச்சா?

— இல்ல.

— பின்ன?

— நீங்க எடது பக்கம் சாஞ்சீங்கண்ணே. நல்லாவே சாஞ்சீங்க. நான் ஹேண்டிலத் திருப்பிப் பாத்தேன், முடியல. நம்ம பின்பக்கம் அவங்க முன்சக்கரத்துல இடிச்சுருச்சு. அவங்க தார விட்டுக் கீழ எறங்குனாங்க. எறங்குன எடத்துல சுவரு.

— பள்ளம்னு சொன்னியே.

— உங்ககிட்ட வேற எப்படிச் சொல்றது? அசதியில ஒடம்பு ஒரு பக்கமாத் தொங்கிருச்சு. எத்தன தூரம் எதுர்காத்துல மிதிச்சீங்க. அது உங்க தப்பு இல்ல.

— அப்ப யாரு தப்பு?

— என் தப்பு. நூறு அடி பின்னாடின்னு சொன்னேன்ல, அது பொய். அப்பவே அவங்க எடது பக்கமா ஏறி வந்துட்டாங்க. நீங்க கேட்டப்ப தங்கையன் அண்ணன் முன்சக்கரம் நம்ம பின்சக்கரத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. சொன்னாப் பதறுவீங்க, பதறுனா வண்டி ஆடும்னு நெனச்சு மறைச்சுட்டேன். பாக்குறதச் சொல்லுன்னு நீங்க காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அந்த ஒரு எடத்துல சொல்லியிருந்தா நீங்க நேரா உக்காந்திருப்பீங்க. தங்கையன் அண்ணன் இப்ப இங்க நின்னு டீ குடிச்சுக்கிட்டிருப்பாரு.

— ஒன்ன என்ன செய்வாங்க?

— தடை போடுவாங்க. போலீஸ் கேஸ் ஆனாலும் ஆகும். எங்கப்பா திட்டுவாரு, அப்புறம் வக்கீல் வைப்பாரு. எனக்கு ஆளு இருக்குண்ணே. உங்களுக்கு யாரு இருக்கா?

— ரேசு?

— இன்னிக்கு ரிசல்ட் சொல்ல மாட்டாங்க. அப்புறம், நான் ஓட்டுன வண்டிங்குறதால கேன்சல் ஆகலாம். ஆனா உங்க மேல ஒண்ணும் வராது. முன்சீட்டுல வேற பைலட்டோட அடுத்த தடவ வரலாம். அந்த ஜட்ஜே சொல்றாரு, பின்னாடி இருந்தவர எதுக்கு விசாரிக்கணும், அவரு பாவம், அவருக்கு என்ன தெரியும்னு.

— அவரும் பாவம்னாரா?

— அண்ணே, அத எதுக்குப் பெருசா எடுத்துக்குறீங்க. நல்லதுக்குத்தான் சொல்றாரு. மத்தியானம் செல்லக்கிளி அண்ணிக்குப் போன் பண்ணுவீங்க, அப்பவும் இதையே சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, பைலட் பண்ணுன தப்புன்னு.

— அவளும் பாவம்தான் சொல்லுவா.

— சொல்லட்டுமே. உள்ளதுதானே. அவங்க பக்கத்துல வந்ததே உங்களுக்குத் தெரியாது. விடுங்க, நான் போய்ச் சொல்லிட்டு வரேன்.

— நில்லு தம்பி. தெரியும் எனக்கு. ராத்திரி ராத்திரியாப் பக்கத்துக் கட்டில்ல நான் கேட்ட மூச்சு அது, என் எடது தோளுக்குப் பின்னாடி வந்துச்சு. இன்னும் கிட்ட வரட்டும்னு இருந்துட்டுத்தான் சாஞ்சேன்.