எட்டு சென்டிமீட்டரும் ஒரு பச்சைப் பொட்டலமும்

“ஹலோ... ஹலோ, ஏங்க! கேக்குதா?... கத்தாதீங்க, எனக்கு நல்லாவே கேக்குது. குவாங்ஹுவா கம்ப்யூட்டர் மார்க்கெட்லதான் நிக்கிறேன், நாலாவது மாடி. கடைக்காரர் எவ்ளோ நீளம்னு கேக்கிறார்... ஐயோ, கம்ப்யூட்டரோட நீளம் இல்ல! உள்ள காலியா ஒரு இடம் இருக்கும்ல, சூயிங்கம் பட்டை மாதிரி எஸ்எஸ்டி போய் உட்கார்ற இடம், அதை அளங்க.”

பாவ்-யுன் கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் யி-ருவோவுக்குக் கல்யாணம். விருந்தில் திரையிட, அவள் பிறந்தது முதலான காட்சிகளைக் கோத்து அவள் கணவன் வென்-ஷியாங் மூன்று மாதம் உட்கார்ந்து செய்த வீடியோ, இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்த பழைய டிரைவில் கிடந்தது. வேறு நகல் கிடையாது. ஏன் இல்லை என்று கேட்டால் சண்டை வரும், அதனால் அவள் கேட்கவில்லை.

“ம்... ம்... அஞ்சா?... ஆமா, ஆமா, சொல்றேன்.”

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

“ஏங்க, அஞ்சு சென்டிமீட்டர்ல எவனும் செய்யறதே இல்லையாம். திருகு ஓட்டை எங்க இருக்கு?... எட்டுலயா? அப்புறம் ஏன் அஞ்சுன்னீங்க?... எட்டுல கறுப்பு எழுத்துல ‘நோய்’னு போட்டிருக்கா? அஞ்சு வரைக்கும் சிவப்புல ‘செல்வம்’னு இருக்கா? அட கடவுளே! அது வாசக்கதவுக்கு ராசியான அளவு பார்க்கிற டேப்புங்க! நோய் அந்த மெஷினுக்கு ஏற்கெனவே வந்தாச்சு. எட்டுதான்!”

கடைக்காரர் மூன்று டிரைவுகளை எடுத்துப் பரப்பினார்.

“அடுத்து வேகம்... நொடிக்கு ஏழாயிரம் மெகாபைட்டாம். வேணுமா?... பல் தேய்க்க முக்கால் மணி நேரம் எடுக்கிற ஆளுக்கு ஏழாயிரமா?... சரி சரி, கோச்சுக்காதீங்க, வாங்குறேன். ரெண்டு டெராபைட்... சூடாகாம இருக்க அலுமினியத் தகடு போட்டது இருக்காம். மூடி சாத்துமா?... சாத்தாதுன்னா வெறும் பட்டையே போதும். ஆமா... ஆமா... இருங்க. என்ன அது கருமுருன்னு?... பொரியா? எந்தப் பொட்டலம்?”

அவள் குரல் இறங்கியது.

“பச்சையா?”

கடைக்காரர் நிமிர்ந்தார். கல்லாக் கணினி மக்கர் செய்யாமல் ஓட, ஊர் வழக்கப்படி அதன் மேல் அவரும் ஒரு பச்சைப் பொரிப் பொட்டலம் வைத்திருந்தார். கை தானாகப் போய் அதை மூடிக்கொண்டது.

“மெஷின் தலையில நான் வெச்சதையா தின்னீங்க? அது அங்க இருந்ததாலதானே அந்தக் கிழட்டு மெஷின் சொன்ன பேச்சு கேட்டு ஓடுச்சு!... என்னது, நாளையோட தேதி முடியுதா? தேதி முடிஞ்சா மெஷின் கோச்சுக்கும்னு தின்னீங்களா? புதுசு வாங்கி மெஷின் மேல வைக்கணும், பழசை வயித்துக்குள்ள வைக்கக் கூடாது!... அது சரி, மூடியை எப்படித் திறந்தீங்க?... அணைச்சிட்டா? அளக்கத்தானே சொன்னேன், அணைக்கச் சொன்னேனா!”

இனி அது எழுந்திருக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை திரையில் காட்ட ஒன்றும் இல்லை.

“இப்பவே போடுங்க... இருங்க! முதல்ல மன்னிப்புக் கேளுங்க. என்கிட்ட இல்ல, அதுகிட்ட. மிச்சப் பொட்டலத்தை மேல வெச்சு... சத்தமா... ம். இப்ப அழுத்துங்க... வெளிச்சம் வருதா?... சுத்துதா?... இன்னுமா சுத்துது?... ஏங்க, ஏதாவது சொல்லுங்க... வந்துடுச்சா? எங்க, வீடியோவைப் போடுங்க, பார்ப்போம்... ஏங்க... பேசாதீங்க. ஃபோனை அதுக்கிட்ட கொண்டு போங்க... அவதான். மூணு வயசுல, பூனை மேல தண்ணி ஊத்திட்டுச் சிரிச்சாளே... அவதாங்க.”

கண்ணில் நீர் முட்டி வழிந்தது. அவள் துடைக்கவில்லை. கடைக்காரர் டிரைவைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“நீங்க ஏன் அழறீங்க?... நானா? எனக்குச் சளி. எதையும் தொடாதீங்க, நான் வர்ற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கட்டும். டிரைவோட ரெண்டு பச்சைப் பொட்டலமும் வாங்கிட்டு வர்றேன்... ரெண்டு எதுக்கா? ஒண்ணு அதுக்கு. இன்னொண்ணு உங்க தலையில வைக்க. அப்பவாவது சொன்ன பேச்சு கேக்குறீங்களான்னு பார்ப்போம்!”

அவள் கைபேசி இணைப்பைத் துண்டித்தாள்.