சொன்னேனா சொல்லலையா

இல்லைங்கக்கா, செய்வினையெல்லாம் கெடையாது. கேக்குறவங்க எல்லாரும் மொதல்ல அதத்தான் கேக்குறாங்க. எங்களுக்கு வைக்கிற அளவுக்கு நாங்க என்னா வாழ்ந்துட்டோம். இது வேற. வஸ்வாஸுன்னு எங்கள்ல சொல்லுவாங்க. செய்த்தான் நெஞ்சுக்குள்ள வந்து குசுகுசுன்னு சந்தேகத்தப் போட்டுவுடறது. கதவப் பூட்டினமா இல்லையான்னு நமக்கும் தோணுமில்ல, அந்த மாதிரி. நாம ஒருவாட்டி திரும்பிப் போயிப் பாத்தா தீந்துபோவுது. எங்க வூட்டுக்காரருக்குத் தீராது.

பையத் தள்ளி வச்சிட்டு நல்லா ஒக்காருங்க. ரயிலு இன்னும் உளுந்தூர்பேட்டையே தாண்டலையாம். நானா? அரியலூரு, அம்மா வூட்டுக்கு. நீங்க பெண்ணாடமா, செரி, ஒரே வண்டிதான்.

மொதல்ல ஒளுவுலதான் ஆரம்பிச்சிது. தொழுவறதுக்கு முன்னாடி கை, கால், மூஞ்சி கழுவுவோம்ல, அது. முழங்கை நனைஞ்சிதா இல்லையான்னு திரும்பக் கொழாயடிக்குப் போவாரு. தொழுவ நிப்பாரு, காத்து பிரிஞ்சிடுச்சோன்னு மறுபடியும் கொழாயடி. சிரிங்க, பரவால்ல, நானும் சிரிச்சவதான். எங்க நபி அதுக்கும் சொல்லியிருக்காங்க, சத்தமோ நாத்தமோ வந்தாலொழிய தொழுகைய வுட்டுப் போவாதீங்கன்னு. எவ்ளோ லேசாச் சொல்லிட்டாங்க பாருங்க. பள்ளிவாசல் அஜரத்தும் பொறுமையாத்தான் சொன்னாரு. அல்லாகிட்ட பாதுகாவல் தேடிக்கிட்டு அத்தோட வுட்டுடு, அவன்கிட்ட பேச்சுக் குடுக்காத, நீ பதில் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கிட்டேதான் இருப்பான்னாரு. கேக்கும்போது நல்லாத்தான் இருக்குது.

நான் என்னக்கா கொற வச்சேன். பொழுது சாஞ்சா பிஸ்மில்லா சொல்லிக் கதவச் சாத்துவேன். பாத்திரம் ஒண்ணு தெறந்து கெடக்காது, ஒரு டம்ளர் தண்ணியா இருந்தாலும் பிஸ்மில்லா சொல்லி மூடித்தான் வைப்பேன். தெறந்த பாத்திரத்துல செய்த்தான் பூந்துடுவான்னு சின்னதுலேருந்து பழக்கம். அவன் கதவு வழியா வந்தாத்தான?

அவருக்கு வேல செராமிக் கம்பெனில. சூளையிலேருந்து வர்ற பீங்கான் ஃப்யூஸ் கட்டைய ஒரு கம்பியால தட்டுவாரு. சத்தத்த வச்சே வெடிப்பு இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும். ஒரு தட்டு, இந்தப் பக்கம் போடுவாரு. ஒரு தட்டு, அந்தப் பக்கம். ரெண்டாவது தட்டே கெடையாது. அங்கயாச்சும் மனுசன் நிம்மதியா இருக்காரேன்னு இருந்தேன். இந்த ரம்ஜானுக்கு அப்புறம் அங்கயும் ஒரே கட்டையத் தட்டிக்கிட்டு நின்னுருக்காரு. மேஸ்திரி கோவிந்தராசு வூடு தேடி வந்து சொல்லிட்டுப் போனாரு. இப்ப பேக்கிங்ல போட்டுட்டாங்க.

டாக்டர்கிட்டயும் காட்டினோம், கடலூர்ல. அது ஒரு வியாதிதான்மான்னாங்க. இவரும் மாத்திர போட்டாரு, கொஞ்சம் தேவலாம்னு இருந்துது. அப்புறம் அந்த மாத்திரையில ஹராம் ஏதாச்சும் கலந்திருக்குமோன்னு வந்துடுச்சி.

கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டறதா? பக்கத்து வூட்டு வேல்விழியும் அதான் சொல்லுது. யாரு மேலக்கா கட்டுறது. களவாண்டவனோ அடிச்சவனோ இருந்தா பேரு போட்டுக் கட்டலாம்.

இதெல்லாம்கூடத் தாங்கிக்கிட்டேன். ஒரு வெள்ளிக்கெழம பள்ளிவாசல் பயான்ல சொல்லியிருக்காங்க, தலாக்குங்கற வார்த்தைய வெளையாட்டுக்குச் சொன்னாக்கூட செல்லும், வாயக் காத்துக்குங்கன்னு. நல்லதுக்குத்தான் சொன்னாங்க. ஊரே கேட்டுட்டுப் போயி சோறு தின்னுட்டுத் தூங்கிடுச்சி. இவரு தட்டுல கைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. நான் உன்கிட்ட எப்பவாச்சும் அந்த வார்த்தைய சொல்லியிருக்கனாங்கறாரு. நான் சிரிச்சேன். ரசத்த ஊத்தினேன். சாயங்காலம் திரும்பக் கேட்டாரு.

அன்னிலேருந்து அதே பேச்சுதான். லால்பேட்டைக்குப் போயி ஒரு முஃப்தியக் கேட்டோம், மார்க்கச் சட்டம் சொல்றவரு. மனசுல ஓடறது கணக்குல சேராது, சந்தேகத்தால நிக்காஹ் முறியாது, நீங்க புருசன் பொண்டாட்டிதான், போங்கன்னுட்டாரு. சேத்தியாத்தோப்புல டீ குடிச்சோம். ரொம்ப நாளைக்கப்புறம் என்கிட்ட நல்லாப் பேசிக்கிட்டு வந்தாரு. இங்க பஸ்ஸுஸ்டாண்டுல எறங்கினதும் கேக்குறாரு, நான் முஃப்திகிட்ட எல்லாத்தையும் சரியாச் சொன்னேனான்னு.

இப்ப என் கையால தண்ணி வாங்க மாட்டாரு. டம்ளரக் கீழ வைக்கணும், அப்புறம் எடுத்துக்குவாரு. சொந்த வூட்டுக்குள்ள வர்றதுக்கு இருமிக்கிட்டு வர்றாரு, யாரோ அன்னிய ஆம்பள மாதிரி. நான் முக்காடு போட்டுக்கிட்டு நிக்கிறேன், என் புருசன் முன்னாடி. பாண்டிச்சேரில நர்சிங் படிக்கிற பொண்ணு லீவுக்கு வந்துது. ஏம்மா இப்படி நிக்கிறன்னு கேட்டுது. என்னான்னு சொல்றது. அவருமேல கோவம் வரலக்கா. அசதிதான் வருது.

இன்னிக்கிக் காலையில பால் காச்சிக்கிட்டு இருக்கேன். வாசப்படியில வந்து நின்னாரு. சொன்னேனா சொல்லலையா. இல்ல இல்லன்னு சொல்லி அலுத்துப்போன வாயி. ஆமாங்க, சொன்னீங்கன்னுட்டேன்.

சொன்னதே இல்லக்கா. சத்தியமா இல்ல. கோவத்துல தட்ட வீசியிருக்காரு, அந்த வார்த்த ஒரு நாளும் வந்ததில்ல.

இடிஞ்சி ஒக்காந்துடுவாருன்னு நெனச்சேன். அப்பாடான்னு மூச்சு வுட்டாரு. பாய விரிச்சிப் படுத்தாரு. கொறட்ட வுட்டுத் தூங்கறாரு. அந்தச் சத்தத்தக் கேட்டு எத்தன மாசமாச்சி. கொஞ்ச நேரம் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்குப் பயமா இருந்துது, எவன் பேச வேண்டியத நான் பேசிட்டேன்னு. பையில நாலு பொடவைய எடுத்து வச்சிக்கிட்டு வந்துட்டேன்.

போன் அடிக்குது, அவருதான். முழிச்சிட்டாரு போல இருக்குது. என்னா கேப்பாருன்னு தெரியும். நெசமாவே சொன்னேனான்னு கேப்பாரு.

வண்டி வந்துடுச்சி பாருங்க. நீங்க ஏறுங்கக்கா, பையப் பாத்து எடுங்க. நான் வரல. இல்லன்னு சொல்ல ஆள் வேணுமில்ல அவருக்கு. அவசரத்துல பால் சட்டியவேற மூடாம வந்துட்டேன்.